அடக்க விலை

நல்ல வார்த்தைகளுக்கு நம் நாட்டில் எந்தக் காலத்திலும் பஞ்சம் வந்ததில்லை. இப்போது அடிக்கடி காதில் விழும் வார்த்தை "உலகப் பிரஜை" என்பது. 2015-ஆம் வருஷத்தில் ஐக்கிய நாடுகள் சபையார் பதினேழு லட்சியங்களை வகுத்தபோது, நான்காவதாகிய கல்வி லட்சியத்தின் ஏழாம் பிரிவில், படிக்கும் பிள்ளைகள் யாவருக்கும் உலகப் பிரஜைக்குரிய பண்பு கற்பிக்கப்படவேண்டும் என்று எழுதி வைத்தார்கள். அதற்கு எட்டு வருஷம் முன்பே, 2007-இல், வியாபார நிர்வாகம் போதிக்கும் கலாசாலைகளுக்கென்று அதே சபையின் ஆதரவில் சில கோட்பாடுகள் ஏற்பட்டன. பொறுப்புணர்ச்சியுள்ள வியாபாரிகளை உண்டாக்குவது அவற்றின் நோக்கம். இந்த நோக்கத்தில் யாரும் குறை சொல்ல முடியாது. ஆனால் விருதுநகர் ஜில்லாவின் ஒரு மூலையில் மேல்நிலை வகுப்புக்கு வணிகவியல் போதித்து ஜீவிக்கும் நம்மைப் போன்ற உபாத்தியாயர்களுக்கு மட்டும் ஒரு சங்கடம் உண்டு. உலகப் பிரஜையை உற்பத்தி செய்வதற்காக நம்மிடம் ஒப்புவிக்கப்பட்டிருப்பவை, வாரத்தில் சில மணி நேரமும், ஒரு கரும்பலகையும், தீப்பெட்டியாலும் பட்டாசாலும் அடுப்பெரியும் வீடுகளிலிருந்து வரும் நாற்பது பிள்ளைகளுமே.

பாடப் புத்தகத்தில் வியாபார தர்மம் இல்லாமலில்லை. அதற்கென்று ஒரு பகுதியே உண்டு. பங்குதாரர்களுக்குச் செய்யவேண்டிய கடமை, தொழிலாளருக்குச் செய்யவேண்டிய கடமை, வாங்குவோருக்கு, சர்க்காருக்கு, ஊராருக்கு என்று கடமைகள் கல்யாணப் பந்தியில் இலை போட்டதுபோல வரிசையாகக் கிடக்கின்றன. பிள்ளைகள் அவற்றை மனப்பாடம் செய்து பரீட்சையில் ஒப்பித்து மார்க்கு வாங்கிக் கொள்கிறார்கள். நடுவுநிலைமை அதிகாரத்தின் கடைசிக் குறள் வியாபாரிகளைப் பற்றியது என்பது அவர்களுக்குத் தெரியும். தமிழ் வகுப்பில் அதற்கும் மார்க்கு உண்டு. 1925-இல் காந்தியடிகள் "யங் இந்தியா"வில் வெளியிட்ட ஏழு சமூகப் பாவங்களின் பட்டியலில், ஒழுக்கத்தைக் கைவிட்ட வாணிபமும் ஒன்று என்பதையும் அறிவார்கள். இவ்வளவும் தெரிந்த பிள்ளை நாளைக்கு ஒரு கடையின் கல்லாவில் உட்கார்ந்தால் எடையைச் சரியாகப் போடுவான் என்பதற்கு யார் ஜாமீன்? ஹைதராபாத் ஸத்யம் கம்பெனிக்கு 2008-ஆம் வருஷம் நன்னிர்வாகத்துக்கான தங்க மயில் விருது கிடைத்தது. 2009 ஜனவரி 7-ஆம் தேதி அதன் தலைவரே, பல வருஷமாகக் கணக்கைப் பொய்யாய் எழுதி வந்ததாக ஒப்புக்கொண்டு கடிதம் எழுதினார். தர்மத்தைப் பற்றிய ஞானத்தில் அந்தக் கம்பெனியாருக்குக் குறைவு இருந்ததாகத் தெரியவில்லை. கணக்கில்தான் குறைவு.

ஆகையால் தர்மத்தைத் தனிப் பாடமாக வைப்பதைக் காட்டிலும், கணக்குப் பாடத்துக்குள்ளேயே வைத்துவிடுவது மேல் என்பது நம் அபிப்பிராயம். இது நாம் கண்டுபிடித்த புது யோசனையன்று. இந்த ஜில்லாவின் பழைய வியாபாரிகள் அப்படித்தான் வைத்திருந்தார்கள்.

1923-இல் விருதுநகர் என்று பெயர் மாறுவதற்கு முன்னால் இவ்வூருக்கு விருதுபட்டி என்று பெயர். ஆறு கிடையாது, நஞ்சை கிடையாது, சுற்றிலும் கரிசல் காடு. இருந்த ஒரே விளைச்சல் வியாபாரந்தான். சரக்கு ஏற்றிய வண்டிகளும் மாடுகளும் இராத்தங்குவதற்குப் பத்திரமான பேட்டை வேண்டியிருந்தது. நாடார் வியாபாரிகள் அதற்காகத் தங்களுக்குள்ளே ஓர் ஏற்பாடு செய்துகொண்டார்கள். வாங்கி விற்கும் சரக்கின் அளவை ஒட்டி, ஒவ்வொரு வியாபாரியும் ஒரு சிறு பங்கைப் பொது நிதிக்கு எடுத்து வைப்பது என்பதே அது. இதற்கு மகமை என்று பெயர். பேட்டை எழும்பியது, பிறகு கிணறும் கோயிலும், அதற்குப் பிறகு பள்ளிக்கூடம். 1889-ஆம் வருஷம் விருதுபட்டியில் ஏற்பட்ட க்ஷத்திரிய வித்தியாசாலை இந்த மகமையின் குழந்தை. வீட்டுப் பெண்கள் உலையில் அரிசி போடும்போதெல்லாம் ஒரு பிடி அரிசியைப் பள்ளிக்கூடத்துக்கென்று தனிப் பானையில் போட்டு வைத்தார்கள். அந்தப் பிடி அரிசியும் வித்தியாசாலையைத் தாங்கிற்று. 1903-இல் அவ்வூரில் பிறந்த காமராஜர் அங்கேதான் படித்தார். அதிக நாள் படிக்கவில்லை. சிறு வயதிலேயே மாமாவின் ஜவுளிக்கடைக்குப் போய்விட்டார். பின்னர் முதல் மந்திரியான போது, 1956-இல், பள்ளிப் பிள்ளைகளுக்கு மத்தியான உணவு போடும் திட்டத்தைக் கொணர்ந்தார். பிடி அரிசிப் பள்ளியில் படித்தவருக்கு, படிப்புக்கும் சோற்றுக்கும் உள்ள உறவை வேறு யாரும் எடுத்துச் சொல்லவேண்டியிருந்திராது.

மகமையைப் பற்றி நாம் வகுப்பில் ஒரு விஷயத்தை மட்டும் அழுத்திச் சொல்லுவோம். 2013-ஆம் வருஷத்துக் கம்பெனிச் சட்டத்தின் 135-ஆம் பிரிவுப்படி, பெரிய கம்பெனிகள் தங்கள் முந்தைய மூன்று வருஷத்து லாபத்தின் சராசரியில் நூற்றுக்கு இரண்டு பங்கைப் பொதுக் காரியங்களுக்குச் செலவிடவேண்டும். நல்ல சட்டம். ஆனால் அது லாபத்தைக் கணக்கிட்ட பிறகு செய்யும் தர்மம். மகமையோ சரக்கு கைமாறும்போதே எடுத்து வைப்பது. லாபமோ நஷ்டமோ, அது செலவுப் பத்தியில் கூலிக்கும் வாடகைக்கும் பக்கத்தில் உட்கார்ந்துகொள்ளும். அந்த வியாபாரி தன் சரக்குக்கு அடக்க விலை போடும்போது ஊர்ப் பிள்ளையின் படிப்பும் அதற்குள் அடங்கிவிடுகிறது. "அடக்க விலை" என்று நம் முன்னோர் வைத்த பெயரின் அழகை நேயர்கள் கவனிக்கவேண்டும். எது அடங்கியது, எது அடங்கவில்லை என்ற கேள்வி அந்தப் பெயருக்குள்ளேயே இருக்கிறது.

ஆனால் மகமையின் வட்டத்துக்கும் ஓர் எல்லை உண்டு. ஓர் ஊரார் தங்கள் ஊருக்கும் தங்கள் ஜனங்களுக்கும் செய்துகொண்ட ஏற்பாடு அது. எல்லைக்கு வெளியே இருப்பவரை, முகம் தெரியாதவரை, அது எப்படிக் கணக்கில் சேர்க்கும்? உலகப் பிரஜைப் பாடம் அவ்விடத்திலேதான் ஆரம்பமாகிறது. அதைப் போதிக்க நாம் கையில் எடுத்துக்கொள்ளும் உபகரணம் ஒரு தீப்பெட்டி. பூகோளப் படத்தைவிட அது மலிவு. பிள்ளைகளுக்குப் பழக்கமும் உண்டு. பெட்டி ஒட்டவும் குச்சி அடுக்கவும் தெரிந்த பாட்டி இல்லாத வீடு எங்கள் பக்கத்தில் அபூர்வம்.

சிவகாசிக்குத் தீப்பெட்டி வந்த கதையைச் சொல்லச் சொன்னால் எந்தப் பிள்ளையும் சொல்லிவிடும். அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தாவுக்குப் போய்த் தொழிலைக் கற்றுக்கொண்டு திரும்பி 1923-இல் சிவகாசியில் ஆரம்பித்தார்கள். மழை பொய்க்கும் வறண்ட பூமி, ஈரமற்ற காற்று, வேலைக்கு ஏங்கும் கைகள். பயிருக்குச் சாபமாயிருந்ததெல்லாம் தீக்குச்சிக்கு வரமாயிற்று. இதுவரைக்கும் பிள்ளைகள் சொல்லுவார்கள். இதற்கு முந்தைய கதையைத்தான் நாம் சொல்லவேண்டியிருக்கிறது.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் எங்கே உரசினாலும் பற்றிக்கொள்ளும் தீக்குச்சிகளை வெள்ளைப் பாஸ்பரஸைக் கொண்டு செய்தார்கள். மலிவானது, ஆனால் விஷம். அதன் ஆவியை நாள்தோறும் சுவாசிக்கிறவர்களுக்குப் பல்லில் வலி கண்டு, தாடை வீங்கி, எலும்பே அழுகிப் போகும். லண்டனில் பிரையண்ட் அண்டு மே என்னும் கம்பெனியின் ஆலையில் வேலை செய்த பெண்கள், சொற்பக் கூலிக்கும் அபராதத்துக்கும் இந்த விஷத்துக்கும் நடுவில் கிடந்தார்கள். 1888 ஜூன் மாதத்தில் அவர்களுடைய நிலையை ஓர் அம்மாள் பத்திரிகையில் எழுதினார். கம்பெனியார் மிரட்டிப் பார்த்தார்கள். ஜூலையில் சுமார் 1,400 பெண்கள் வேலையை விட்டு வெளியே வந்துவிட்டார்கள். எழுதின அம்மாள் வேறு யாருமல்லர். பிற்பாடு சென்னை அடையாற்றில் வந்து வாழ்ந்து, 1916-இல் ஹோம்ரூல் இயக்கத்தைத் தொடங்கி, 1917-இல் கல்கத்தாக் காங்கிரஸுக்குத் தலைமை வகித்த அன்னி பெஸண்ட் அம்மையார்தான். இந்த இடத்தில் வகுப்பில் ஒரு சலசலப்பு உண்டாகும். சரித்திரப் பாடத்தில் பார்த்த அம்மாள் தீப்பெட்டிப் பாடத்திலும் வந்து நிற்பதைப் பிள்ளைகள் எதிர்பார்ப்பதில்லை.

அந்த வேலைநிறுத்தத்தோடு விஷம் ஒழிந்துவிடவில்லை. பிரெஞ்சு ரசாயன நிபுணர் இருவர் 1898-இல் தீங்கற்ற வேறொரு பாஸ்பரஸ் கலவையைக் கண்டுபிடித்தனர். 1906-இல் ஸ்விட்ஸர்லாந்தில் பெர்ன் நகரத்தில் பல தேசத்தார் கூடி, வெள்ளைப் பாஸ்பரஸ் தீக்குச்சியைத் தடுப்பதென்று உடன்படிக்கை செய்துகொண்டார்கள். அமெரிக்காவில் அந்தப் புதுக் கலவையின் உரிமை டைமண்டு மாட்ச் கம்பெனியின் கையில் இருந்தது. போட்டிக் கம்பெனிகளை நசுக்க அதைவிட நல்ல ஆயுதம் வேறு வேண்டியதில்லை. ஆயினும் ஜனாதிபதி டாஃப்டு கேட்டுக்கொண்டதன் பேரில், 1911-இல் அக்கம்பெனியார் உரிமையை விட்டுக் கொடுத்துவிட்டார்கள். இந்தியாவிலே 1913-ஆம் வருஷத்தில் வெள்ளைப் பாஸ்பரஸ் தீக்குச்சித் தடைச் சட்டம் பிறந்தது. சிவகாசியில் தீப்பெட்டித் தொழில் பிறந்தது அதற்குப் பத்து வருஷம் கழித்து.

இந்த வருஷக் கணக்கைக் கரும்பலகையில் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதிவிட்டு நாம் பேசாமலிருப்போம். சற்று நேரம் பொறுத்து ஏதாவதொரு பிள்ளைக்குப் புரியும். "அப்படியானால் எங்கள் பாட்டிக்குத் தாடை போகாததற்கு அந்த லண்டன் பெண்கள் காரணமா, ஸார்?" என்று கேட்கும். அவர்கள் மட்டுமல்லர், ஆயினும் அவர்களும் காரணம். சாத்தூர்ப் பக்கத்துக் கிராமத்தில் பிறக்கப்போகும் ஒரு பெண்ணைப் பற்றி அவர்கள் கனவிலும் நினைத்திருக்கமாட்டார்கள். உலகப் பிரஜை என்பதற்கு ஐக்கிய நாடுகள் சபையார் எழுதியிருக்கும் வியாக்கியானத்தைவிட இந்தப் பத்து வருஷ இடைவெளி பிள்ளைகளுக்குச் சுலபமாக விளங்குகிறது.

அதே தீப்பெட்டிக்குள் வேறொரு பாடமும் உண்டு. அதைச் சுருக்கமாகவே சொல்லுவோம். சிவகாசியில் தொழில் தொடங்கிய அதே 1923-இல், ஸ்வீடன் தேசத்துத் தீப்பெட்டிக் கம்பெனியின் கிளையாக விம்கோ இந்தியாவில் ஏற்பட்டது. ஸ்வீடன் கம்பெனியின் தலைவர் ஐவர் க்ரூகர் "தீக்குச்சி ராஜா" எனப் புகழ்பெற்றவர். சர்க்கார்களுக்கே கடன் கொடுத்து, பதிலுக்குத் தீப்பெட்டி ஏகபோக உரிமையை வாங்கிக்கொள்ளும் சமர்த்தர். 1932 மார்ச்சில் பாரிஸில் அவர் தம்மைத்தாமே சுட்டுக்கொண்டு இறந்தார். பிறகு பெட்டியைத் திறந்து பார்த்தால், இத்தாலிய சர்க்கார் பத்திரங்கள் என்று வைத்திருந்தவை போலியாக அச்சடித்தவை! கணக்கு வகுப்பில் தூங்குகிற பையன்கூட இந்தக் கதைக்கு எழுந்து உட்காருவான்.

தீப்பெட்டி வரையில் பாடம் சுலபம். தவறு செய்தவர் லண்டனில் இருந்தார், ஸ்டாக்ஹோமில் இருந்தார். பட்டாசுக்கு வரும்போதுதான் உபாத்தியாயரின் தொண்டை கம்முகிறது. தவறு எங்கள் தெருவுக்கே வந்துவிடுகிறது.

நம் வயதொத்தவர்கள் பள்ளிக்கூடம் போன காலத்தில், விடியுமுன்னே கிராமங்களுக்கு வந்து குழந்தைகளை ஏற்றிக்கொண்டு போன ஆலை வண்டிகளை எங்கள் பக்கத்தார் மறந்திருக்க முடியாது. 1986-இல் குழந்தைத் தொழிலாளர் சட்டம் வந்தது. 1991-இல் மீனம்பட்டியில் நேர்ந்த வெடிவிபத்தில் முப்பத்தொன்பது பேர் மாண்டார்கள். அதைச் சுப்ரீம் கோர்ட்டு தானாகவே கவனத்தில் எடுத்துக்கொண்டது. 1996 டிசம்பர் 10-ஆம் தேதி வந்த தீர்ப்பில், அபாயத் தொழிலில் வைத்திருந்த ஒவ்வொரு குழந்தைக்கும் முதலாளி இருபதினாயிரம் ரூபாய் கட்டவேண்டும், குழந்தை பள்ளிக்கூடத்துக்குப் போகவேண்டும், வீட்டில் பெரியவர் ஒருவருக்கு வேலை தரவேண்டும், இல்லாவிட்டால் சர்க்கார் ஐயாயிரம் ரூபாய் சேர்க்கவேண்டும் என்று விதித்தார்கள். இன்று எங்கள் வகுப்பில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளின் தாய்மாரில் எத்தனையோ பேர் அந்தத் தீர்ப்புக்கு முன்னால் குச்சி அடுக்கியவர்கள். பிள்ளைகள் வகுப்பில் இருக்கிறார்கள். அது லாபம், பெரிய லாபம்.

தாய்மாரோ இன்னும் ஆலையில்தான் இருக்கிறார்கள். 2012 செப்டம்பர் 5-ஆம் தேதி முதலிப்பட்டியில் சுமார் நாற்பது பேர் இறந்தார்கள். 2021 பிப்ரவரியில் அச்சங்குளத்தில் இருபதுக்கு மேற்பட்டோர். இடையிலும் பிறகும் நேர்ந்த சிறு விபத்துக்களைப் பத்திரிகைகள் நாலு வரியில் முடித்துவிடும். காரணங்களை எங்கள் பக்கத்துப் பிள்ளைகள் மூச்சு விடாமல் ஒப்பிப்பார்கள். நாலு பேர் உட்காரவேண்டிய அறையில் அதற்கு மேல் உட்காருவது. லைசென்சு வாங்கினவர் ஆலையை அறை அறையாக உள்குத்தகைக்கு விடுவது. நேற்று மீந்த கலவையை இன்றைக்கு எடுத்துப் பிசைவது. எல்லாவற்றுக்கும் மேலாக அவசரம். கூலி நாளுக்கில்லை, உருப்படிக்கு; தீபாவளி நெருங்க நெருங்கக் கை விரைகிறது. மருந்து உராய்வைப் பொறுக்காது. சட்டம் ஒவ்வொரு தடவையும் ஒரு படி ஏறியிருக்கிறது. உதாரணமாக, கந்தகத்தைக் குளோரேட்டுடன் சேர்த்துச் செய்யும் கலவையை 1992-இல் தடுத்தார்கள். ஆனால் அவசரத்தைத் தடுக்கும் சட்டம் இன்னும் வரவில்லை.

இந்த நிலையிலே 2018 அக்டோபரில் சுப்ரீம் கோர்ட்டு மற்றொரு தீர்ப்பை வழங்கிற்று. பேரியம் உப்புக்கள் கூடாது, சரவெடி கூடாது, புகையும் சத்தமும் குறைந்த பசுமைப் பட்டாசே செய்யவேண்டும். 2021-இல் அதே தடையை மீண்டும் வலியுறுத்தினார்கள். நாகபுரி நீரி ஆராய்ச்சி நிலையத்தார் வகுத்த புதுக் கலவைகள் 2019-இல் வெளிவந்தன. வழக்கைத் தொடுத்தவர்கள் தில்லியிலிருந்த சிறு குழந்தைகள். அவர்கள் சார்பில் பெற்றோர் 2015-இல் தொடுத்தது. தீர்ப்பு வந்த கையோடு சிவகாசி ஆலைகள் சில மாதம் மூடிக்கிடந்தன. அந்த மாதங்களில் எங்கள் வகுப்பில் பலர் வரவில்லை. வந்தவர்களின் முகத்தைப் பார்த்துப் பாடம் நடத்துவது எளிதாயிருக்கவில்லை.

உலகப் பிரஜைப் பாடத்தின் கடினமான பகுதி இதுதான். மூச்சுத் திணறும் தில்லிக் குழந்தையும், கூலியில்லாத சிவகாசிக் குழந்தையும் ஒரே தீர்ப்பின் இரண்டு பக்கம். இவர்களில் யாருடைய பக்கம் நிற்பது என்று நம்மைக் கேட்காதவர்களில்லை. நாம் கணக்கின் பக்கம் நிற்பதாகச் சொல்லுவோம். நழுவல் என்று நேயர்கள் எண்ணவேண்டாம், மேலே பாருங்கள்.

பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு ஒரு வேலை கொடுத்தோம். ஒரு பெட்டி கம்பி மத்தாப்புக்கு அடக்க விலை போட்டுக் கொண்டுவரவேண்டும். கம்பி, அலுமினியத்தூள், ரசாயனம், பசை, பெட்டி, லேபிள், கூலி, வண்டி வாடகை, வட்டி, ஏஜண்டு கமிஷன் என்று ஒரு பத்தி. பக்கத்தில் இன்னொரு பத்தி, அதற்குத் தலைப்பு, "யாரோ செலுத்துகிறார்கள், கணக்கில் எழுதப்படவில்லை." முதல் பத்தியை எல்லோரும் ஒழுங்காகவே எழுதியிருந்தார்கள், வியாபார ஊர்ப் பிள்ளைகளல்லவா? இரண்டாவது பத்தியில் என்ன எழுதுவதென்று பாதிப்பேருக்குத் தெரியவில்லை. ஒரு பெண், "அம்மாவின் கை" என்று எழுதியிருந்தாள். அலுமினியத்தூளில் வேலை செய்பவர்களின் கை வெள்ளிபோல மினுங்கும். எவ்வளவு சோப்புப் போட்டாலும் அடுத்த நாள் வேலைக்குள் போகாது. ஒரு பையன் "தில்லிக்காரர் இருமல்" என்று எழுதி, கேள்விக்குறி போட்டிருந்தான். இன்னொருவன் எழுந்து, "மெஷினுக்குத் தேய்மானம் எழுதுகிறோமே, ஸார், ஆளுக்கு ஏன் எழுதுவதில்லை?" என்று கேட்டான். கணக்கியல் நூல்களில் இதற்கு விடையுண்டு. மெஷின் முதலாளியின் சொத்து, ஆள் அப்படியல்ல. விடையைச் சொன்னோம், அவன் உட்கார்ந்தான். ஆனால் திருப்தியடைந்தவனாகத் தோன்றவில்லை.

பிறகுதான் எல்லோர் மனத்திலும் இருந்த கேள்வி வெளிவந்தது. "இதையெல்லாம் சேர்த்து விலை போட்டால் யார் ஸார் வாங்குவார்கள்? ஆர்டர் நின்றால் நாங்கள் என்ன செய்வது?"

இந்தக் கேள்வியைக் கேட்ட பிள்ளைக்குத் தர்மோபதேசம் செய்வது பாவம். நாம் அவர்களுக்கு டாக்கா நகரத்துக் கதையைச் சொன்னோம். 2013 ஏப்ரல் 24-ஆம் தேதி அங்கே ராணா பிளாசா என்னும் கட்டடம் இடிந்து 1,134 பேர் மாண்டார்கள். பெரும்பாலும் சட்டை தைக்கும் பெண்கள். அவர்கள் தைத்த சட்டைகள் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் விற்பவை. அதற்குப் பிறகு சில வாரங்களிலேயே, சரக்கு வாங்கும் பெரிய கடைக்காரர்கள் பலர் தொழிற்சங்கங்களோடு சேர்ந்து, சட்டத்தால் கட்டுப்படுத்தக்கூடிய ஓர் உடன்படிக்கையில் கையெழுத்திட்டார்கள். ஆலையைச் சோதிப்பதற்கும் குறைகளைத் திருத்துவதற்கும் வாங்குகிறவனும் பொறுப்பேற்பது என்பதே அதன் சாரம். இதனால் சட்டை விற்பது நின்று போய்விடவில்லை. எழுதப்படாத பத்தியிலிருந்து ஒரு வரி எழுதப்பட்ட பத்திக்கு இடம் மாறியது, அவ்வளவுதான். ஆனால் ஒரு நிபந்தனை: எல்லா ஆலைக்கும் ஒரே சமயத்தில் மாறவேண்டும். ஒருவன் மட்டும் தர்மமாக விலை போட்டால் அவன் சரக்கு தேங்கும். பாஸ்பரஸ் விஷயத்தில் பல தேசத்தார் பெர்ன் நகரத்தில் ஒன்றாகக் கூடினதன் காரணமும் இதுவே.

சிவகாசிச் சரக்கை வாங்குகிறவர்கள் யார்? வெள்ளைக்காரன் அல்லன். இந்தப் பக்கத்தைப் படிக்கும் நேயர்கள்தான். ஐப்பசி பிறந்ததும் நம் வீடுகளில் நடக்கும் சம்பாஷணை நேயர்களுக்குத் தெரியாததல்ல. "எண்பது சதவிகிதத் தள்ளுபடியில் வாங்கிவிட்டேன்!" என்று குடும்பத் தலைவர் மார்தட்டுவார். நூறு ரூபாய்க்கு விற்கவேண்டிய பெட்டியின் மேல் ஐந்நூறு என்று அச்சடித்துவிட்டு எண்பது சதவிகிதம் தள்ளிக் கொடுப்பதில் தள்ளப்பட்டது எது, தள்ளினவர் யார் என்பதை வணிகவியல் படிக்கும் பிள்ளைகள் அரை நிமிஷத்தில் போட்டுக் காட்டுவார்கள். விலையே பொய்யாக இருக்கும்போது வாங்குகிறவருக்கு மேலும் மேலும் குறைப்பதில்தான் மோகம். அந்தக் குறைப்பு மேலிருந்து கீழே இறங்குகிறது. கடைக்காரர் ஏஜண்டைக் குறைக்கிறார். ஏஜண்டு ஆலையைக் குறைக்கிறார். ஆலைக்காரர் அறையை உள்குத்தகைக்கு விடுகிறார். குத்தகைக்காரர் உருப்படிக் கூலியைக் குறைக்கிறார். கடைசியில் நிற்கிறவளுக்குக் குறைப்பதற்கு வேறொன்றுமில்லை. அவள் தன் நேரத்தைக் குறைக்கிறாள். கை விரைகிறது.

நேயர்களில் யாராவது, "அப்படியானால் பட்டாசே வாங்காமலிருந்துவிடுகிறோம்" என்று சொல்லக்கூடும். சொல்பவர்கள் நல்ல எண்ணத்தோடுதான் சொல்கிறார்கள். ஆனால் ஆலைகள் மூடிக்கிடந்த மாதங்களை நேரில் பார்த்த நம்மால் அதற்குத் தலையாட்ட முடியவில்லை. குறைவாக வாங்குங்கள், கூடுதல் விலைக்கு வாங்குங்கள், எந்த ஆலையில் செய்தது, லைசென்சு யாருடையது, பசுமைப் பட்டாசுக்குரிய முத்திரை உண்மையானதா என்று கடைக்காரரைத் துளைத்தெடுங்கள். தள்ளுபடி விகிதத்தை விசாரிக்கும் அதே உற்சாகத்தோடு விசாரிக்கவேண்டும். பத்துப் பேர் கேட்டால் கடைக்காரர் சிரிப்பார். ஆயிரம் பேர் கேட்டால் ஏஜண்டுக்குக் கடிதம் போடுவார்.

கலாசாலைகளுக்கும் ஒரு வார்த்தை. விருதுநகரில் 1947-இலும், சிவகாசியில் 1960-களிலும் கலாசாலைகள் எழும்பினது இந்த ஜில்லாவின் வியாபாரிகள் கொடுத்த பணத்தால். அவற்றில் வணிகவியல் படித்துத் தேறிய பட்டதாரிகள் இந்த ஜில்லாவின் ஆலைகளிலும் ஆபீஸுகளிலும் நிறைய இருக்கிறார்கள். ஹார்வர்டு சர்வகலாசாலையில் 2009-இல் நிர்வாகப் பட்டம் பெற்ற மாணாக்கர், ஒழுங்காக நடப்பதாகச் சத்தியம் செய்துகொண்டார்கள் என்று கொண்டாடினார்கள். எங்கள் பிள்ளைகளுக்குச் சத்தியம் வேண்டாம். பட்டம் வாங்கும் முன் ஒவ்வொருவரும் ஒரு வாரம் ஏதேனும் ஒரு பட்டாசு அறையின் வாசலில் உட்கார்ந்து அடக்க விலை போட்டுக் கொண்டுவரட்டும், இரண்டு பத்தியிலும்.

இவ்வளவும் செய்யத் துணிந்தால் ஊரில் பேச்சு வராமலிருக்குமா? வந்தது. மத்தாப்புக் கணக்கு நடந்த மறு வாரம் ஒரு மாணாக்கரின் தகப்பனார் பள்ளிக்கூடத்துக்கு வந்துவிட்டார். பல வருஷமாக ஒரு ஆலையில் போர்மேனாக இருப்பவர். "ஸார், நீங்கள் படித்தவர்கள். எங்கள் பிழைப்பைப் பற்றிப் பிள்ளைகளிடமே கேள்வி கேட்கச் சொல்லிக் கொடுக்கிறீர்களாமே?" என்றார். குரலில் மரியாதை இருந்தது, கோபமும் இருந்தது. நாம் பதில் ஒன்றும் சொல்லாமல், அவருடைய மகன் எழுதிய தாளை எடுத்து மேஜைமேல் வைத்தோம். மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு வரிவரியாகப் படித்தார். அலுமினியத்தூள் விலை தப்பு என்றார். கமிஷனும் தப்பு, இவ்வளவு குறைவாக எந்த ஏஜண்டு வாங்குகிறான் என்றார். பிறகு இரண்டாவது பத்திக்கு வந்து நெடுநேரம் பேசாமலிருந்தார். "ஒன்று விட்டுப் போயிருக்கிறதே, ஸார்" என்றார் கடைசியில். சாயங்காலம் மீந்த மருந்தை அப்புறப்படுத்தி அறையைக் கழுவி விடுவதற்கு அரை மணி நேரம் பிடிக்கும். உருப்படிக் கூலியில் அந்த அரை மணிக்குக் காசு கிடையாது. அதனால்தான் யாரும் நின்று கழுவுவதில்லை என்றார். நம் சட்டைப் பையிலிருந்த பென்சிலைக் கேட்டு வாங்கி, மகனுடைய எழுத்துக்குக் கீழே தம் கையாலேயே "அரை மணி" என்று எழுதினார்.